குட்டியின் அரையாண்டுச் செய்தி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால்வலி முன்போல்தான் இருக்கிறது, அதை எழுதி என்ன ஆகப்போகிறது. மேலத்தெருப் பையன் ஞாயிறு ராத்திரி தாராபுரம் வழி பஸ்ஸில் திருப்பூர் கிளம்புகிறான். அவன் கையில் இதையும் ஒரு டப்பா முறுக்கையும் கொடுத்துவிடுகிறேன். முறுக்கு உனக்கு. ரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டு நீ வெறும் டீயைக் குடித்துக்கொண்டு உட்காராதே.

குட்டியின் அரையாண்டு முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா போகிறேன் என்றார், நான்தான் போனேன். அதே பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். போனால் டீச்சர் நாற்காலி எடுத்துப் போடுவார், நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாம். அப்பா போனால் 'சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்' என்று வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். உனக்குத் தெரியாததா.

மார்க்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் ஏ, சூழ்நிலையியல் ஏ, ஆங்கிலமும் கணக்கும் பி. பருவத் தேர்வுக்கு 60, வகுப்பில் செய்கிற வேலைகளுக்கு 40, இரண்டையும் கூட்டித்தான் இந்த எழுத்து. அந்த 40-இல் அவளுக்கு அநேகமாக முழுசும் கிடைத்திருக்கிறது. பரீட்சை என்று தாளைக் கொடுத்தால்தான் கை நடுங்குகிறதாம். அது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, ஒரே டீச்சர். நீ படித்த அறைதான், ஆனால் உள்ளே போனால் உனக்கு அடையாளம் தெரியாது. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்கிற திட்டம் வந்ததிலிருந்து சுவர் முழுக்க அட்டையும் படமுமாகத் தொங்குகிறது. கதைக்கு ஒரு மூலை, பொம்மலாட்டத்துக்கு ஒரு மூலை, வாசிக்க ஒரு மூலை. களம் என்று சொல்கிறார்கள். கொரோனாவில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்துபோயிருந்ததே, அதற்காகக் கொண்டுவந்தது. எந்த வகுப்பில் இருந்தாலும் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஜூனில் உன் மகள் மொட்டில் இருந்தாள். மூணாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடம் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும். இப்போது மலருக்கு வந்துவிட்டாள். டீச்சர் என் முன்னாலேயே ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். விரலை வைத்துக்கொண்டு, முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கி, தடங்கல் இல்லாமல் வாசித்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, ஆர்டர் நெருக்கடியில் லீவு கிடைக்காது, எனக்கும் தெரியும்.

கணக்கில் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறாள். கடன் வாங்கிக் கழிப்பது. 52-லிருந்து 17 போக என்ன என்றால் 45 என்கிறாள். இரண்டிலிருந்து ஏழு போகாதே, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றால் வாங்கமாட்டாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டீச்சர். லீவில் அப்பா உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். கடன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதில் உன் மகள் அப்படியே அப்பாதான். நல்லவேளை, வேறு யாரையும் கொள்ளவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. செயினைப் பற்றியும் கேட்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும்.

காலையில் எட்டே காலுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுகிறாள், அங்கேதான் சாப்பாடு. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவு வந்தபோது, 'வீட்டில் சோறு இல்லாமலா அங்கே அனுப்புகிறோம்' என்று அப்பா சண்டை பிடித்தாரே, இப்போது அவரே தட்டைக் கழுவிப் பையில் வைத்துக் கொடுக்கிறார். புதன்கிழமை பொங்கல் என்றால் குட்டி எழுப்பாமலே எழுந்துவிடுகிறாள். உப்புமா அன்றைக்குக் கொஞ்சம் இழுப்பாள். சமைக்கிற பெண்கள் சுத்தமாகத்தான் செய்கிறார்கள், நான் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சாம்பாரில் காய் இன்னும் கொஞ்சம் போடலாம். அதைச் சொல்ல நான் யார், ரிட்டயரானவள்.

மத்தியானம் முட்டை ஐந்து நாளும் உண்டு. நீ படித்தபோது வாரத்துக்கு ஒன்றுதான். அந்த ஒன்றிலும் பாதியைத் தம்பிக்கு என்று காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாய். அமைப்பாளர் மகளே முட்டையை வெளியே கொண்டுபோகிறாள் என்று ஊர் சொல்லும் என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன், அப்படியும் கேட்கமாட்டாய். அப்படி எடுத்து வைத்தவள், அவன் ஆவணியில் ஏதோ கோபத்தில் பேசினதை இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்காதே. அவனும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் குட்டிக்குப் புதுப் பை வாங்கிக் கொடுத்திருக்கிறான். தோளில் உறுத்தாத பட்டை வைத்தது. விலை கேட்டேன், சொல்லவில்லை.

காலை உணவு சமைக்கிறவர்களில் கிழக்குத் தெருக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் பையன் ஐந்தாம் வகுப்பு, ஏப்ரலோடு முடிகிறது. சமைக்கிறவரின் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஜூனில் அந்த இடம் காலியாகும். மகளிர் குழுவில் மூன்று வருஷமாவது உறுப்பினராக இருக்க வேண்டும், பத்தாவது படித்திருக்க வேண்டும், கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்க வேண்டும். குழுவில் உன் பேரை எடுக்கவில்லை. மாசா மாசம் உன் சந்தாவை நான் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். நீ எதையும் நினைத்துக்கொள்ளாதே, ஊர்ச் செய்தி என்று சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான். கம்பெனிச் சம்பளம் அங்கே வராது என்பது எனக்கும் தெரியும். காலை வேலை பத்து மணிக்குள் முடிந்துவிடும், பிறகு நாள் முழுக்க வீடுதான்.

அப்புறம், டீச்சர் பாராட்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். வகுப்பிலேயே பேச்சில் முதல் ஆள் உன் மகள்தானாம். நம் வீட்டில் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறவள், அங்கே கதைக் களத்தில் எழுந்து நின்றால் கை, கண், புருவம் எல்லாம் பேசுகிறதாம். திங்கட்கிழமை காலையில் மற்றப் பிள்ளைகள் 'குட்டிக் கதை, குட்டிக் கதை' என்று கத்துகிறார்களாம். எல்லாம் நீ ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்குச் சொல்கிற கதைகள்.

அப்படித்தான் டீச்சர் சொன்னார். 'உங்க மக எவ்வளவு வேலையிலயும் வாரம் தவறாம பிள்ளைகிட்ட பேசுறாங்களேம்மா, அதான் இவளுக்கு இவ்வளவு சொல்வளம். பக்கத்துல இருக்கிற அம்மாக்களே இப்படிப் பேசுறதில்ல' என்றார். நான், 'ஆமா டீச்சர், அவ சின்ன வயசிலேயே நல்லாக் கதை சொல்லுவா' என்றேன். பொய்யில்லை. தம்பியைத் தூங்க வைக்க நீ சொன்ன நரிக் கதையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. குட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எமிஸ் என்று கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விவரம் ஏற்றுகிற பதிவில் உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது. அதைச் சரிபார்க்க வேண்டும், ஓடிபி வரும், அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அங்கேயே போட்டுப் பார்த்தேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. எனக்கு முகம் வெளிறிப்போயிருக்கும் போல. டீச்சரே, 'டூட்டியில போனை வாங்கி வச்சிருவாங்களாம்ல, குட்டி சொன்னா' என்றார். பார், எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். எட்டு வயசுக்கு இவ்வளவு யோசனை ஆகாது. கடைசியில் அப்பாவின் நம்பரை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் நம்பரை எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை, இரண்டாவதாக அதுவும் இருக்கட்டும் என்றேன். வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். முன்னேற்ற அட்டையில் பெற்றோர் கையொப்பம் போடுகிற இடத்தில் நான்தான் போட்டேன். முதல் பருவத்துக்கும் நான்தான் போட்டேன். மூன்றாம் பருவத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அது ஏப்ரலில்.

நீ வேலைக்குப் போனதைப் பற்றி யாரிடமும் நான் குறைத்துப் பேசினது கிடையாது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து நீ அனுப்புகிற பணத்தில்தான் பிள்ளைக்குச் செருப்பும் நோட்டும் ஸ்வெட்டரும் வாங்கியிருக்கிறது. போன மாசப் பணமும் தேதி தவறாமல் வந்துவிட்டது. பணம் வந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அந்த மாதிரிக் கணக்குப் போட வராது. பணம் அனுப்ப ஒரு நிமிஷம் கிடைக்கிறவளுக்குப் பேச ஒரு நிமிஷம் கிடைக்காதா என்று ராத்திரியில் தோன்றும், காலையில் எழுந்தால் பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும், மறந்துவிடுவேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படு. வெறும் டீ வேண்டாம்.

மூன்றாம் பருவப் புத்தகம் ஜனவரியில் பள்ளி திறந்ததும் கொடுப்பார்கள். இரண்டாம் பருவப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடக்கூடாது, அம்மா வந்து பார்க்க வேண்டும் என்று குட்டி டிரங்குப் பெட்டியில் உன் சேலைக்கு மேலே வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு லீவு விடுவார்கள்தானே. வருகிறாயா என்று கேட்கவில்லை. வந்தால் முதல் நாளே சொல், மாவு அரைக்க வேண்டும்.

வர முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்பா நம்பருக்குப் போடு. தம்பி அந்த நேரம் வீட்டில் இருக்கமாட்டான். என்னிடம் பேச வேண்டாம், குட்டியிடம் பேசு. ஆனால் அதற்கு முன்னால் இதை நன்றாகப் படித்து வைத்துக்கொள், டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். உங்கள் கம்பெனியில் ஒரு பூனை இருக்கிறது. வெட்டி விழுந்த துணி மூட்டையில் படுத்துத் தூங்கும். வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. சூப்பர்வைசர் விரட்டினால் உன் மிஷினுக்குக் கீழே வந்துவிடும். கார்த்திகையில் மூன்று குட்டி போட்டது, ஒன்றை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு இருக்கிறது, இன்னும் பேர் வைக்கவில்லை, நீயும் அவளுமாகச் சேர்ந்து வைப்பதாகப் பேச்சு. யானைப் படம் போட்ட சட்டை கப்பலில் போனது வேறு கதை, அது நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அதை எடுக்காதே. பூனையின் நிறத்தை மாற்றிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா