சந்தா கட்டியவரிடம் மறுபடியும் காசு கேட்காதீர்கள்: குத்துச்சண்டை ஒளிபரப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் குத்துச்சண்டையை ஒளிபரப்பும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அந்தச் சண்டைகளை நடத்தும் புரமோட்டர்களுக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் வசிக்கும் நானும் என் நண்பர்களும் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளைக் குத்துச்சண்டைக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பவர்கள். எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. உடலைப் பணயம் வைத்து மேடையேறும் வீரருக்கு உரிய ஊதியம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. மாதச் சந்தாவை வாங்கிக்கொண்ட பிறகு, நாங்கள் உண்மையில் காத்திருக்கும் சண்டைக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கனெலோ அல்வாரெஸும் கெனடி கோலோவ்கினும் இரண்டாம் முறை மோதியதை வீட்டில் பார்க்க 84.95 டாலர் ஆனது. அதே மாதம் இந்த நாட்டில் சேவையைத் தொடங்கிய டசோன் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம், மாதம் 9.99 டாலர் போதும், பே-பர்-வியூவின், அதாவது ஒவ்வொரு சண்டைக்கும் தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் முறையின், காலம் முடிந்தது என்று விளம்பரம் செய்தது. அடுத்த மாதமே 11 சண்டைகளுக்கு 365 மில்லியன் டாலர் என்று கனெலோவை ஒப்பந்தமும் செய்தது. டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் ராக்கி ஃபீல்டிங்கை மூன்றாம் சுற்றிலேயே வீழ்த்தியதைச் சந்தாதாரர்கள் கூடுதலாக ஒரு சென்ட்கூடக் கொடுக்காமல் பார்த்தார்கள். 1973 முதல் குத்துச்சண்டையைக் காட்டி வந்த எச்பிஓ கட்டணத் தொலைக்காட்சி அதே டிசம்பரில் விடைபெற்றபோது எங்களைப் போன்றவர்கள் வருந்தினோம் என்றாலும், இனி வருவது ரசிகனுக்கு நல்ல காலம் என்று மனதாரவே நம்பினோம்.

2019 மார்ச்சில் அந்த மாதச் சந்தா 19.99 டாலரானது. நிறுவனத்துக்கும் செலவு இருக்கும் என்று அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 2022 மே மாதம் கனெலோ, திமித்ரி பிவோலை எதிர்கொண்டபோது, சந்தாதாரர்களுக்கு 59.99 டாலர், மற்றவர்களுக்கு 79.99 டாலர் என்று அதே சேவையில் பே-பர்-வியூ திரும்பி வந்தது. மாதாமாதம் பணம் கட்டி வந்தவருக்கு அன்றிரவு கிடைத்தது 20 டாலர் தள்ளுபடி மட்டுமே. கொடுத்த வாக்கு நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை என்பதுதான் விலையைவிட எங்களை அதிகம் புண்படுத்தியது.

பெரிய சண்டைகளுக்குப் பணம் கொடுக்க ரசிகர்கள் தயங்கியதில்லை. 2015 மே 2 அன்று மேவெதரும் பாக்கியாவோவும் மோதியபோது எச்டி ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 100 டாலர் கேட்டீர்கள். 46 லட்சம் இணைப்புகள் விற்றன. 2023-இல் ஜெர்வான்டா டேவிஸ் – ரயான் கார்சியா சண்டைக்கும், மூன்று மாதம் கழித்து வந்த ஸ்பென்ஸ் – கிராஃபர்ட் சண்டைக்கும் தலா 84.99 டாலர். ஸ்பென்ஸை மூன்று முறை தரையில் சாய்த்து ஒன்பதாம் சுற்றில் கிராஃபர்ட் முடித்து வைத்த அந்த இரவுக்காகக் கொடுத்த பணத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 2025 மே மாதம் ரியாத்தில் கனெலோவும் வில்லியம் ஸ்கல்லும் மோதிய சண்டைக்கும் தனிக் கட்டணம்தான். பன்னிரண்டு சுற்றுகளில் இருவரும் சேர்ந்து வீசிய குத்துகள் 445. சண்டைகளில் வீசப்படும் குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனம் கணக்கெடுத்த பன்னிரண்டு சுற்றுச் சண்டைகளிலேயே இதுதான் மிகக் குறைவு. எல்லாச் சண்டையும் தனி விலைக்கு உரியது என்று நீங்கள் முடிவு செய்தால், ஒவ்வொரு முறையும் ஏமாற்றத்துக்கான விலையையும் ரசிகரே கொடுக்க நேர்கிறது.

இதில் எங்கள் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நாளைய சாம்பியன் இன்று அண்டர்கார்டில்தான், அதாவது முதன்மைச் சண்டைக்கு முன் நடக்கும் சிறு சண்டைகளில்தான், ஆடுகிறார். எட்டு சுற்றுச் சண்டையில், இரவு எட்டரை மணிக்கு, பாதி காலியான அரங்கில். பே-பர்-வியூ நிகழ்ச்சியில் அவரும் அதே கட்டணச் சுவருக்குப் பின்னால்தான் நிற்கிறார். முதன்மைச் சண்டைக்கு நேராகப் பதினொரு மணிக்கு வந்து சேர்பவர்கூட அவரைப் பார்ப்பதில்லை. பதினைந்து வயதுச் சிறுவன் 80 டாலர் கேட்டு வீட்டில் நிற்கப்போவதும் இல்லை. 1978 செப்டம்பரில் அலி – ஸ்பிங்க்ஸ் இரண்டாவது சண்டையை ஏபிசி தொலைக்காட்சி நாடு முழுவதும் இலவசமாகக் காட்டியது. அப்படி ஓர் இரவில் குத்துச்சண்டைக்கு ரசிகராகும் வாய்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கு மிக அரிதாகிவிட்டது.

பார்ப்பதற்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் கூடுதல் கட்டணமின்றிக் காட்டிய நிகழ்ச்சியில், இணைப்பு அடிக்கடி தடைபட்டதாகப் பலர் குறைபட்டபோதும், ஜேக் பால் – டைசன் சண்டைக்காக வந்தவர்கள் அதற்கு முன்பு கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் ஆடிய அருமையான சண்டையையும் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் கனெலோ – கிராஃபர்ட் சண்டையை 4 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. ஆண்டுக்கு ஓரிரு பெரும் இரவுகள் மட்டும் இந்த விளையாட்டைக் காப்பாற்றிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் கதவைத் திறந்தால் கூட்டம் வரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே, உலகப் பட்டச் சண்டைகளைச் சந்தாவுக்குள்ளேயே வையுங்கள். தனிக் கட்டணம் தவிர்க்க முடியாதது என்றால், ஆண்டுக்கு எத்தனை, எவை என்று சந்தா வாங்கும்போதே அறிவித்துவிடுங்கள். ஒரே ஒரு சண்டையை வாங்கியவரை அவரறியாமல் மாதச் சந்தாவில் சேர்த்துவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒரு சேவையில் நேர்ந்தது, அதை ரத்து செய்யும் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டாம் மாதத் தொகையும் அட்டையிலிருந்து போய்விட்டது. எச்பிஓ காலத்தில் பே-பர்-வியூ சண்டை அடுத்த வாரமே அதன் வழக்கமான சந்தாதாரர்களுக்கு மறுஒளிபரப்பாகும். மேவெதர் – பாக்கியாவோ சண்டையே ஒரு வாரத்தில் அப்படி வந்தது. அந்த வழக்கத்தை மீண்டும் கொண்டு வாருங்கள். அண்டர்கார்டு சண்டைகளையாவது அன்றிரவே யூடியூபில் நேரலையாக எல்லோருக்கும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு குத்துச்சண்டை ரசிகன்