தட்டச்சின் நடுவே ஃபோகஸைப் பறிக்கும் டெஸ்க்டாப் குறித்த புகார்

அனுப்புநர்:
தட்டச்சு மைய உரிமையாளர்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: புதிய சாளரங்கள் விசைப்பலகையைக் கைப்பற்றுவதைச் சரிசெய்யக் கோருதல்.

ஐயா,

பத்திரங்களும் மனுக்களும் தட்டச்சு செய்து தரும் எங்கள் மையத்துக்குத் தங்களிடம் லினக்ஸ் இயங்குதளம் பதிந்த மூன்று கணினிகள் வாங்கினோம். வன்பொருளில் குறையில்லை. தாங்கள் அமைத்துத் தந்த டெஸ்க்டாப் (திரையில் சாளரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்), புதிதாக எழும் எந்தச் சாளரத்துக்கும் கேட்காமலே ஃபோகஸை (அடிக்கும் எழுத்துகளைப் பெறும் உரிமையை) தூக்கிக் கொடுத்துவிடுகிறது என்பதே புகார்.

சென்ற வாரம் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் கிரயப் பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். முறையாகத் தட்டச்சு பயின்றவர்களின் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்குமே தவிரத் திரையில் இராது. நான்கெல்லை விவரத்தில் 'வடக்கே வண்டிப்பாதை' என்று முடித்து என்டர் தட்டிய அதே நொடியில், மறுதொடக்கம் செய்யலாமா என்று கேட்கும் அப்டேட் சாளரம் மேலே வந்து, 'ஆம்' பொத்தானைத் தயாராக நீட்டியிருக்கிறது. என் என்டரை அது சம்மதமாக எடுத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தபோது திரை கறுத்திருந்தது. சேமிக்காத ஒன்றரைப் பக்கம் போயிற்று. பதிவுக்கு டோக்கன் வாங்கிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் நான் என்ன சொல்வது? இன்னொரு நாள், கடவுச்சொல்லை அடிக்கும்போது செய்திச் செயலி குறுக்கே வந்ததில், அது வாடிக்கையாளர் ஒருவருக்கே செய்தியாகப் போய்விட்டது.

தங்கள் உதவி மையத்தில், சுட்டி இருக்கும் சாளரத்துக்கே ஃபோகஸ் செல்லும் முறைக்கு மாறச் சொன்னார்கள். மாறிப் பார்த்தோம். காகிதத்தைத் திருப்பும்போது கை பட்டுச் சுட்டி நகர்ந்தால் எழுத்துகளும் அதன் பின்னாலேயே ஓடுகின்றன. திரையைப் பார்த்து அடியுங்கள் என்றும் ஓர் அறிவுரை கிடைத்தது. அதற்குப் பதில் எழுத மனமில்லை.

இது தீர்க்க முடியாத சிக்கலும் அன்று. லினக்ஸில் பயன்படும் கேடிஈ என்ற டெஸ்க்டாப்பில் ஃபோகஸ் பறிப்பைத் தடுக்க 'இல்லை' முதல் 'மிகக் கடுமை' வரை ஐந்து நிலைகள் உள்ளன. விண்டோஸிலும், பின்னணியில் இருக்கும் நிரல் முன்னால் வர முயன்றால் பெரும்பாலும் டாஸ்க்பார் பொத்தான் மின்னுவதோடு சரி. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 என்ற முறையில், பயனர் கடைசியாக விசையைத் தொட்ட நேரத்தைச் சாளரத்தோடு குறித்துவைக்கும் ஏற்பாடு உண்டு. அந்த நேரத்தை ஒப்பிட்டாலே, நான் கேட்டுத் திறந்த சாளரம் எது, தானாக வந்தது எது என்று பிரித்துவிடலாம். எல்லாவற்றையும் தடுக்கவும் நாங்கள் கேட்கவில்லை: நானே அச்சிடும் கட்டளை கொடுத்தால் அதன் சாளரம் உடனே ஃபோகஸ் பெறத்தான் வேண்டும், இல்லையேல் அதுவும் தொல்லையே.

ஆகவே, நாங்கள் அடித்துக்கொண்டிருக்கையில் தானாக எழும் சாளரம் ஃபோகஸ் இல்லாமல் பின்னால் திறந்து டாஸ்க்பாரில் மட்டும் மின்னவும், மறுதொடக்கம் போன்ற கேள்விகளில் 'ஆம்' பொத்தான் என்டருக்கு இணங்காமல் இருக்கவும் டெஸ்க்டாப்பை மாற்றித் தர வேண்டுகிறேன். முப்பது நாளுக்குள் இயலாதெனில், மூன்று கணினிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரவும். விற்பனைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தட்டச்சு மைய உரிமையாளர்