பேறுகாலம் முடிந்த பிறகு எங்களை யார் பார்ப்பது? கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்தில் ஒரு பெண் கருவுற்றதும் அவளுக்குப் பிக்மி எண் என்ற அரசின் பேறுகாலப் பதிவு எண் கிடைக்கிறது. அவளுடைய எடை, இரத்த அழுத்தம், ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் எல்லாவற்றையும் கிராம சுகாதார செவிலியர் அந்த எண்ணில் பதிகிறார். நாள் தவறினால் வீட்டுக்கே வந்து கேட்கிறார். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்ததாகப் பதிவானதற்குப் பின்னால் இந்தச் செவிலியர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

ஆனால் பிரசவமாகி 42 நாட்கள் கழிந்ததும் அந்தக் கவனமெல்லாம் குழந்தையின் தடுப்பூசிப் பக்கம் போய்விடுகிறது. தாய்க்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ வந்த பிறகுதான் மறுபடி அரசு அவள் வாசலுக்கு வருகிறது. இடையில் கழியும் இருபது, முப்பது ஆண்டுகளில் அவள் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பாரில்லை. அதே கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. 49 வயதைத் தாண்டியவள் அந்த அட்டவணையிலேயே இல்லை. அவள் இரத்தம் கூடியதா குறைந்ததா என்பது யார் கணக்கிலும் வராது.

நான் குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவள். எங்கள் குழுவில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் பலர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொசுக்கும். சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பார்கள். காலையில் குந்தினால் மாலை வரை அதே இருப்பு. கொட்டகையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்துகொண்டே இருக்கிறது. கடலூர் முதுநகரில் மீன் கூடை சுமக்கும் பெண்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அவர்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. கர்ப்பப்பை இறக்கம். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, ஓய்வில்லாமல் சுமை தூக்கியவர்களுக்கு கருப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசை தளர்ந்து அது கீழே இறங்கிவிடுகிறது. தும்மினால், இருமினால் சிறுநீர் கசிகிறது. உட்கார்ந்தால் உறுத்துகிறது. கணவனிடம் சொல்லக் கூச்சம், மருமகளிடம் சொல்ல அவமானம். பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு பல ஆண்டுகளைத் தள்ளியவர்களை எனக்குத் தெரியும். தொடக்க நிலையிலேயே பார்த்தால் இடுப்புத் தளத் தசைப் பயிற்சியும் உள்ளே பொருத்தும் ஒரு சிறு வளையமும் பலருக்குப் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு வீடாக வருகிறார்கள். முட்டிவலிக்குப் பயிற்சி சொல்லித்தரும் அவர்கள் இதையும் சொல்லித்தர ஏற்பாடு செய்வது அத்தனை கடினமா?

பெரும்பாட்டால், அதாவது மாதவிடாயில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கால், அவதிப்படுகிறவளின் நிலை இன்னும் மோசம். காரணத்தைத் தேடாமல், "பிள்ளை பெற்றாகிவிட்டதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துமாறு 2023-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே 2019-21 கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடுதான். மற்ற மாநிலங்களைவிட இது மேல் என்று ஆறுதல் அடைய எனக்கு மனமில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துக் கண்ணால் பார்க்கும் சோதனை இது. பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம். இதன் பயனை நிரூபித்த ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில்தான் நடந்தது. இந்தச் சோதனை வழங்கப்பட்ட பகுதிகளில் அந்தப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நோய் முற்றியபின் விடியற்காலைப் பஸ் பிடித்துப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நெய்வேலி நிலக்கரிக்காக நிலம் கொடுத்த மாவட்டம் இது. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி, சுரங்க நிறுவனம் உரிமைத்தொகையுடன் சேர்த்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் நலனுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளைக்கும் பணம் செலுத்துகிறது. அதன் தலைவர் தாங்கள். அந்த நிதியின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய முன்னுரிமைத் துறைகளில் மருத்துவமும் இருக்கிறது, மகளிர் நலமும் இருக்கிறது. ஆகவே சுரங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் முதலில் தொடங்குங்கள். பண்ருட்டிக்கும் கடற்கரை ஊர்களுக்கும் மாநில நிதியைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டடம் வேண்டாம். ஆள் வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு மாலை, கூலி வேலை முடிந்து வரும் பெண்களுக்கென ஒரு பெண் மருத்துவரும் செவிலியரும் மனநல ஆலோசகரும் இருக்கட்டும். தீராத தலைவலி என்று வருகிறவளிடம் தூக்கம் வருகிறதா, வீட்டில் அடி விழுகிறதா என்றும் கேட்கட்டும். தேவைப்பட்டால் 181 மகளிர் உதவி எண்ணுக்கு அவர்களே பேசட்டும். மாதம் ஒரு முறை முந்திரிக் கொட்டகைக்கே வரட்டும். வயதுக்கு வந்த பெண்ணின் இரத்த அளவு முதல் மாதவிடாய் நின்றவளின் எலும்புத் தேய்மானம் வரை ஒரே அட்டையில் ஏறட்டும். பிக்மி எண்ணைப் பேறுகாலத்தோடு மூடிவிடாமல் அதையே தொடரலாம். பிள்ளை பெறாதவர்களுக்கும் திருமணம் ஆகாதவர்களுக்கும் அதே அட்டை வேண்டும்.

அறக்கட்டளையின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டுகிறோம். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், குழுப் பெண்களின் கையெழுத்துடன் இதே கோரிக்கையை மனுவாகக் கொண்டு வருகிறோம். சிலர் கைநாட்டு வைப்பார்கள். முந்திரி எண்ணெய் பட்டுத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது. அதைக் காரணம் காட்டி மனுவைத் திருப்பிவிட வேண்டாம் என்று தங்கள் அலுவலர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் ஒருவர்,
குறிஞ்சிப்பாடி வட்டம்