மரங்கொத்தி வாத்தியாரின் உடை

அன்பு யாழினிக்கு,

திரைக்கதை வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்துவிட்டேன். கதையைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள், நான் உடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மாணவர்களிடமும் தலைமையாசிரியரிடமும் வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கணக்கு வாத்தியார், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, தானே மரங்கொத்தி சாகச நாயகனாக மாற உடை தைக்கிறார். நல்ல விஷயம். ஆனால் உடைக் குறிப்பில் "கேவலமாக, கோணல்மாணலாக இருக்கணும், பார்த்ததுமே சிரிப்பு வரணும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடும்மா.

கேவலமாகத் தைப்பது வேறு, தைக்கத் தெரியாதவர் ஆசையாகத் தைப்பது வேறு. முதலாவதைப் பார்த்தால் ஜனங்கள் ஒரு தடவை சிரிப்பார்கள், அதோடு சரி. இரண்டாவதில் ஆள் தெரிவார். உன் வாத்தியார் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவர். அவர் வெட்டில் நேர்க்கோடுகள் கச்சிதமாக இருக்கும், சொதப்புவது வளைவுகளில்தான்: அக்குள், கவட்டை, கழுத்து. தையலுக்கென்று விட வேண்டிய துணியை விட்டிருக்க மாட்டார். ஒரு ஓரத்துக்கு 1.5 சென்டிமீட்டர் என்றால் இரண்டு பக்கத் தையலிலும் சேர்த்து 6 சென்டிமீட்டர் போய்விடும். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைக்கிறது, உடை ஏறவில்லை. என்ன செய்வார்? அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரு பட்டையைச் செருகுவார். கையில் கிடைத்த கறுப்பு, பழைய குடைத்துணி. அது இழுபடாது, அதனால் அந்த இடம் மட்டும் சுருக்கு விழுந்து நிற்கும். பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் அது தெரிந்தால் போதும். அதற்கு வசனம் வைக்காதே.

இன்னொன்று. இடது கையை முதலில் தைத்தார், வலது காலைக் கடைசியில் தைத்தார் என்று வைத்துக்கொள். இடது கையில் தையல் தாறுமாறாக இருக்கட்டும், வலது காலுக்கு வரும்போது சீராகிவிடட்டும். அந்த உடையிலேயே அவர் தையல் கற்றுக்கொண்டது தெரியும்.

இனி நிஜமாகத் தைக்கும் வேலை. பார்க்க வாத்தியார் தைத்தது மாதிரி இருக்க வேண்டும், படப்பிடிப்பு முடியும்வரை கிழியாமலும் இருக்க வேண்டும். லைக்ரா கலந்த, நாலு பக்கமும் இழுபடும் துணி எடு. துணியில் 10 சென்டிமீட்டர் அளந்து இழுத்துப் பார். சிரமமில்லாமல் 15 வரை வர வேண்டும், விட்டதும் மறுபடி 10க்கே திரும்ப வேண்டும். பத்தரையில் நின்றுவிட்டால் அது வேண்டாம், முதல் நாள் சாயங்காலமே முழங்காலில் பை தொங்கும். சுற்றளவுகளை உடம்பு அளவைவிடப் பத்து சதவீதம் குறைத்து வெட்டு. 96 மார்புக்கு 86 போதும். ஆனால் தோளிலிருந்து கவட்டை வழியாகத் திரும்பத் தோளுக்கு வரும் நீளத்தில் கை வைக்காதே. அதைக் குறைத்தால் நடிகர் உட்காரும்போது தோளை அறுக்கும், எழும்போது கவட்டை விடும்.

சாதாரண ஊசி இந்தத் துணியின் இழையைக் குத்தி அறுக்கும், தையலும் தாவும். முனை உருண்டையான பால் பாயிண்ட் ஊசி, 75ஆம் நம்பர் போடு. பாலியஸ்டர் நூல், குறுகலான ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் முதல் குந்தலிலேயே படபடவென்று விட்டுவிடும். உள்ளே இப்படிப் பலமாகத் தைத்துவிட்டு, வெளியே தடிமனான வெள்ளை நூலில் கைத்தையலை அலங்காரமாக ஓட்டு. அதையும் ஒரே நூலாக ஓட்டாதே. 5 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் துண்டுதுண்டாக ஓட்டினால், ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். பொம்மையின் மேல் உடையை மாட்டி, துணி இழுபட்ட நிலையிலேயே ஓட்டுவது இன்னும் நல்லது.

மரங்கொத்திக்குக் கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, சிவப்புக் கொண்டை. இதில் தொல்லை கொடுப்பது சிவப்பும் வெள்ளையும்தான். இழுபட்ட வெள்ளைத் துணி கண்ணாடி மாதிரி காட்டிக்கொடுக்கும், உள்ளே வெள்ளை பனியன் போட்டால் அதன் ஓரம் கோடாகத் தெரியும். தோல் நிறத்தில் உள்துணி கொடு. சிவப்புத் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் இருபது தடவை தேய். கைக்குட்டை சிவந்தால், நடிகர் வியர்த்ததும் கழுத்து ரோஸ் கலராகிவிடும். எப்படியும் கொண்டையைப் பிரஸ் பட்டனில் வை, கழற்றிவிட்டுத் துவைக்கலாம்.

மூன்று உடையாவது வேண்டும்: புதுசு ஒன்று, சண்டைக்குப் பிறகு கிழிந்தது ஒன்று, சண்டைக் கலைஞருக்கு ஒன்று. கடைசியை 5, 6 சென்டிமீட்டர் தொளதொளவென்று வெட்டினால்தான் முழங்கால் பேடும், அந்தரத்தில் தொங்கவிடும் கயிற்றுக்கான பெல்ட்டும் உள்ளே மறையும். கயிறு வெளியே வர இடுப்பில் இரண்டு பக்கமும் பிளவு விட்டு ஓரம் அடி. 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு உடைக்கு 3 மீட்டர், சேதாரத்துக்கு 1, ஆக மொத்தம் 10 மீட்டர். எல்லாம் ஒரே ரோலில் வாங்கு. வேறு ரோல் என்றால் சாயம் மாறும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தை லைட் காட்டிவிடும்.

இப்போது முக்கியமான இடம். உன் நாயகன் கூன் போட்டு நடக்கிறவர். உடைக்காரர்கள் உடனே கூனுக்கு ஏற்ற மாதிரி முதுகை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டி, முன்பக்கத்தைக் குறைத்து வெட்டப் பார்ப்பார்கள். தையற்காரருக்கு அது பழக்கதோஷம், சுருக்கம் கண்டால் கை பரபரக்கும். விடாதே. நிமிர்ந்து நிற்கும் அளவுக்கே வெட்டச் சொல். அப்படி வெட்டிய உடையைக் கூன் போட்டு மாட்டினால் முதுகு ஜிப் விண்ணென்று இழுக்கும், காலர் பிடரியில் உறுத்தும், வயிற்றில் நாலைந்து மடிப்பு குறுக்கே விழும். படம் முழுக்க அந்த மடிப்புகளோடு திரியட்டும். மொட்டை மாடிக் காட்சியில் அவர் முதல் தடவை நிமிரும்போது மடிப்புகள் ஒவ்வொன்றாக மறையும். உடை உட்கார்ந்துவிடும். அதே உடைதான், எதையும் மாற்றவில்லை. கேமராவை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வை, கட் பண்ணாதே. முகத்துக்கு குளோசப் போய்விட்டால் இது அத்தனையும் வீண்.

முகமூடி. அலகு 12 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நீளம் கூடினால் எடை முன்னுக்கு இழுக்கும், கண் துளை கன்னத்துக்கு இறங்கிவிடும். கொண்டையைக் கொஞ்சம் கனமாகப் பின்பக்கம் சாய்த்து வைத்தால் இரண்டும் சமமாகும். அலகின் நுனியை மெத்தென்ற ரப்பரில் செய், பையனைக் கட்டிப்பிடிக்கும் காட்சி இருக்கிறதே. மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் ஆவி படியும். அலகுக்கு அடியில் இரண்டு துளை போடு, மூக்குத்தண்டில் ஃபோம் பட்டை ஒட்டு, கண்ணாடியின் உள்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு தடவித் துடை. பார்வைத் துளையைக் கண்ணில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. 1966இல் வந்த ஜப்பானிய டிவி நாயகன் அல்ட்ராமேனின் முகமூடியில் கண்ணின் கீழோரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், உள்ளே இருந்தவர் பார்த்தது அதன் வழியாகத்தான். அலகு தொடங்கும் இடத்தில் கறுப்பு வலை வைத்தால் வெளியே தெரியாது.

எங்கே வைத்தாலும் பக்கப் பார்வை கிடையாது. படிக்கட்டில் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் எப்போதும் வேண்டும். நடிகர் "நானே பண்றேன்" என்று ரோஷப்பட்டால் காமென் ரைடர் என்ற ஜப்பானிய டிவி தொடரின் கதையைச் சொல். 1971இல் நாயகன் ஹிரோஷி ஃபுஜியோகா முகமூடிக்குள்ளும் தானே இருந்து சண்டை செய்தார். பைக் விபத்தில் கால் உடைந்தது, தொடரைத் தூக்கி நிறுத்த இரண்டாவது ரைடரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

முகமூடிக்குள் பேசும் வசனம் தொட்டிக்குள் பேசுவது போலக் கேட்கும், டப்பிங்கில்தான் சரிசெய்ய வேண்டும். ஜிப் முதுகில் இருப்பதால் தனியாகக் கழற்ற முடியாது. பாத்ரூமுக்குப் பத்து நிமிடம் ஷெட்யூலில் ஒதுக்கு, இதை மறந்தால் நடிகர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார், அந்த உடைக்குள் அது ஆபத்து. தினமும் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தச் சொல். பிளீச் பட்டால் லைக்ரா செத்துவிடும். துவைக்க நேரமில்லாத நாளில் உள்பக்கம் வோட்கா தெளித்துக் காயவிட்டால் நாற்றம் போகும், குடிக்க அல்ல என்று பாட்டிலில் எழுதி ஒட்டு.

2004இல் வந்த, ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகேயின் ஜீப்ராமேன் (வரிக்குதிரை மனிதன்) படத்தைப் பார்த்துவிடு. அதிலும் அடிபட்ட வாத்தியார்தான், சின்ன வயதில் ரசித்த டிவி நாயகனின் உடையைத் தானே தைத்துக்கொள்கிறார். உன் கதைக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மரங்கொத்தியை வரிக்குதிரை பக்கம் போகவிடாதே.

நடிகரின் அளவை இரண்டு தடவை எடு, கூன் போட்டு ஒன்று, சுவரில் முதுகு ஒட்டி நிமிர்ந்து ஒன்று. பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகு நீளம் இரண்டிலும் தனித்தனியாக வேண்டும். நிமிர்ந்த அளவைச் சிவப்பு மையில் எழுது. வெட்டுத்தாள் போட்டு அனுப்புகிறேன்.

அப்பா