நான்கு நாள் பட்டறைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

பேரன்புடையீர்,

வணக்கம். உலோகக் கலவைகளின் வெப்ப இயக்கவியலைக் கணினியில் மாதிரியாக்குவது குறித்து, கடைத்தெருவுக்கு அருகே ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சென்ற மாதம் நாங்கள் நடத்திய வல்லுநர் பட்டறை நல்லபடியாக நிறைவேறியது. கலந்துகொண்டவர்கள் 23 பேர்தாம். அவர்களுக்காக உழைத்தவர்கள் அதைவிட அதிகம். நேரில் கைகூப்பி விடைபெற்றுவிட்டோம் என்றாலும், யார் எதைச் செய்து கொடுத்தார் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதைப் பொதுமடலாக எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்தக் கடைவீட்டுக்காரருக்கு உரியது. மண்டபம் தருவதாக வாக்களித்திருந்த ஓர் இடத்தார் பத்து நாள் இருக்கையில் கைவிரித்துவிட்டார்கள். அன்று மாலையே இந்த ஐயா, “மாடி சும்மாதானே கிடக்கிறது, கூட்டிப் பெருக்கித் தருகிறேன்” என்று சாவியை எங்கள் கையில் கொடுத்தார். வாடகை பற்றிய பேச்சை அவர் எடுக்கவுமில்லை, எங்களை எடுக்க விடவுமில்லை. குறுகலான மரப்படியில் உலைப்பெட்டியைத் தூக்கிச் சென்ற நான்கு இளைஞர்களுக்கும் இதே வரியில் நன்றி. அதன் எடை எவ்வளவு என்று அவர்கள் ஏறி முடித்த பிறகே சொன்னோம்.

வழிநடத்த வந்த பேராசிரியர் அம்மையார் சொற்பொழிவு எதையும் ஆற்ற மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிவிட்டார். 1995இல் ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள ரிங்பெர்க் மாளிகையில் தூய தனிமங்களின் தரவுகளை ஆராயக் கூடியவர்கள் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து விவாதித்து எழுதியதைப் போல நாமும் அமர்வோம் என்பது அவர் விருப்பம். அமெரிக்க உலோகவியலாளர் லாரி காஃப்மன் முன்னெடுத்த கால்ஃபேட் (CALPHAD) என்னும் கணினிவழிக் கணக்கீட்டு முறையில், திரவம், திண்மக் கரைசல், சேர்மம் என ஒவ்வொரு நிலைமைக்கும் கிப்ஸ் கட்டிலா ஆற்றலை (எந்த நிலைமை நிலைத்து நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றலை) வெப்பநிலையையும் கலவை விகிதத்தையும் சார்ந்த ஒரு கோவையாக எழுதி, அதன் குணகங்களை ஆய்வகத்தில் அளந்த எண்களோடு பொருத்துகிறோம். பொருத்துவதைக் கணினி சில நொடிகளில் செய்துவிடும். எந்த எண்ணை நம்புவது, எதை ஒதுக்குவது என்பதை மனிதர்தாம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரே ஓர் எண்ணுக்காக ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிடும் பொறுமையை அம்மையாரிடம் கண்டோம்.

அந்த எண்களைக் கொண்டுவந்து கொடுத்தவர், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா ஒருவர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபோது, 183 பாகை செல்சியஸில் உருகிய பழைய வெள்ளீய-காரீயப் பற்றாசை (மின் இணைப்புகளை ஒட்டவைக்கும் உலோகக் கலவையை) விட்டுவிட்டு, 96.5 விழுக்காடு வெள்ளீயமும் 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் சேர்ந்த கலவைக்கு மாறியவர்களுள் அவரும் ஒருவர். புதிய கலவை 217 பாகையில்தான் உருகத் தொடங்கும். அந்த ஆண்டுகளில் தம் சொந்த ஆர்வத்தால் சிறு சிறு உருக்குகளைச் செய்து பார்த்து எழுதிய மூன்று குறிப்பேடுகளை அவர் எங்களிடம் ஒப்படைத்தார். சூடாக்கும்போது கண்ட எண்ணையும் ஆறவிடும்போது கண்ட எண்ணையும் தனித்தனிப் பத்தியில் எழுதி, இரண்டும் ஒவ்வாத இடங்களில் பென்சிலால் “மறுபடி பார்க்க” என்று குறித்திருந்தார். ஒவ்வாததை மறைக்காமல் வைத்திருந்ததற்காகவே அவருக்குத் தனி நன்றி சொல்ல வேண்டும். அச்சில் வந்த சில அட்டவணைகளில்கூட இந்த வேறுபாடு காட்டப்பட்டிருக்காது.

அந்த இரண்டு எண்களும் ஏன் ஒவ்வாமல் போகின்றன என்பதை இரண்டாம் நாள் கண்ணால் பார்த்தோம். ஏறத்தாழ 20 கிராம் தூய வெள்ளீயத்தைப் பீங்கான் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) இட்டு, வெப்பநிலையை அளக்கும் வெப்பமின் இரட்டைக் கம்பியை உள்ளே நுழைத்துச் சூடாக்கினோம். 232 பாகையில் எண் நின்றது. முழுவதும் உருகும்வரை நகரவில்லை. ஆறவிட்டபோதோ 232இல் நிற்காமல் 225, 220 என்று இறங்கியது. மூசைக்குள் வெள்ளீயம் இன்னும் கண்ணாடிபோலப் பளபளத்துக்கொண்டிருந்தது. 211ஐத் தொட்டதும் மேற்பரப்பு சட்டென மங்கியது. உறையும்போது வெளியான வெப்பத்தால் எண் மளமளவென்று 231க்கு மேலே ஏறி நின்றது. ஆறும்போது உறைந்த புள்ளியையே உருகுநிலை என்று மாதிரிக்குள் செலுத்தினால் என்ன ஆகும் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நன்றியில் என் பிழையும் உண்டு. வெள்ளீய-காரீயக் கலவைகளிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் எளிதுருகு கலவையில் வெள்ளீயம் எடை விழுக்காட்டில் 61.9, அணு விழுக்காட்டில் (அணுக்களின் எண்ணிக்கைப்படி) 73.9. நான் தயாரித்து எல்லாருக்கும் வழங்கிய அட்டவணையில் ஒரு பத்தி எடையிலும் அடுத்த பத்தி அணுவிலும் இருக்க, தலைப்பில் இரண்டுக்கும் எடை என்றே போட்டிருந்தேன். ஒரு காலைப் பொழுது முழுவதும் கணினி வரைந்த கோடு புள்ளிகளை விட்டு விலகியே ஓடியது. நாங்கள் குணகங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் இருந்த இறுதியாண்டு மாணவி, “சார், தலைப்பு தப்பா இருக்குமோ?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தங்கைக்கு என் மன்னிப்பும் நன்றியும்.

மூன்றாம் நாள் மாலை, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இரண்டு மணி நேரம் தமிழிலேயே நடத்தினோம். அதற்கான கலைச்சொற்களைத் தொகுத்துத் தந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருவருக்கும் கடமைப்பட்டுள்ளோம். எந்த வெப்பநிலையில், எந்த விகிதத்தில் கலவை எந்த நிலைமையில் இருக்கும் என்று காட்டும் படத்தை ‘நிலைமை வரைபடம்’ என்பதா, ‘கட்ட வரைபடம்’ என்பதா என்று அவர்களுக்குள் நடந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு முன்னதே பிடித்திருக்கிறது. அந்த மாலையின் நாயகி, வீட்டிலிருந்து, ரசம் வைக்கும் ஈயச்சொம்பை (வெள்ளீயத்தாலானது) துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு பாட்டி. முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறும் சொம்பை வைத்தால் அடி இளகி ஒழுகிவிடும் என்றார். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அடிப்பாகம் 232 பாகையை நெருங்காது என்று நாங்கள் சேர்த்துக்கொண்டோம். பேராக் மாநிலக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களை (வெள்ளீயச் சுரங்கங்களை) பற்றிப் பெரியவர்கள் வாயால் கேட்டிருந்த பிள்ளைகள், அந்தச் சொம்பைக் கைமாற்றிக் கைமாற்றி எடை பார்த்தார்கள்.

நான்கு நாளும் வாழையிலைச் சாப்பாடும் மாலையில் ‘தே தாரிக்’ என்னும் இழுத்து ஆற்றிய பால்தேநீரும் குறித்த நேரத்தில் அனுப்பிய உணவகத்தார், பட்டர்வொர்த் படகுத்துறைக்கும் பட்டறைக்குமாக வண்டி ஓட்டிய அண்ணன்மார், குளிர்சாதனம் நின்றபோது இரவோடு இரவாக வந்து சரிசெய்தவர், நகல்களை எடுத்துக் கொடுத்த அச்சகத்தார் எல்லாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

திருத்திய அட்டவணை, தலைப்புகள் சரிபார்க்கப்பட்டு, பங்கேற்றவர்களுக்கு இவ்வாரம் அனுப்பப்படும். பொறியாளர் ஐயாவின் மூன்று குறிப்பேடுகளையும் படியெடுத்துவிட்டோம். மூலங்களை ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டில் சேர்ப்பேன். பாட்டியின் சொம்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாடியில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி ஒன்று மட்டும் உரியவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. கடைவீட்டுக்காரரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பட்டறை ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
செயலாளர்