கேஸ் போடாமலே பேசலாம்

ஐயா,

திருப்பூரில் நானும் கணவரும் வேறு வேறு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒரே வீட்டில் இருந்தும் பேச நேரமில்லை, பேசினாலும் பணத்தில் ஆரம்பித்துச் சண்டையில்தான் முடியும். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டால் "அனுசரிச்சுப் போ கண்ணு" என்று எனக்கு மட்டும் சொல்வார்கள், அப்புறம் அடுத்த நோம்பிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

சமரச மையம் என்றாலே விவாகரத்துக் கேஸ் போட்டவர்களுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் வழக்கே இல்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். சமரசர் தீர்ப்பு சொல்ல மாட்டார், இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேச வைப்பார், அங்கே பேசியதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2023 சமரசச் சட்டமே சொல்கிறது. மூன்று தடவை போனோம். யார் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்று எழுதி வைத்துக்கொண்டோம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போனைத் தொடுவதில்லை.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு இது வழியல்ல, அவர்கள் பெண்கள் உதவி எண் 181-ஐத்தான் அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது. ஞாயிற்றுக்கிழமையும் சமரசர்கள் உட்கார வேண்டும், கம்பெனி கேட்டில் இதற்கு ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருப்பூர்