அப்பா அந்த வரியத் தாண்டவே இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆஸ்பத்திரி ஃபார்ம் எல்லாம் தமிழ்ல இருக்கணும்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. சரிதான், ஆனா தமிழ்ல இருந்தா மட்டும் போதாதுங்க. ரெண்டு மாசம் முன்னாடி எங்கப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன், கையெழுத்து போடச் சொல்லி நீட்டுன ஃபார்ம் தமிழ்லதான் இருந்துச்சு. "உணர்விழப்பு மருந்தின் ஒவ்வாமையால் மரணம் நேரிடினும்"னு நாலாவது வரி. தினசரி பேப்பர ஒரு வரி விடாம படிக்கிற மனுஷன், 'மரணம்' மேல வச்ச விரல எடுக்கவே இல்ல. நான் என்ன கேட்டாலும் "ம்ம்"தான். அப்புறம் நர்ஸம்மா வந்து, "மயக்க ஊசி சில பேருக்கு ஒத்துக்காதுங்கய்யா, ரொம்ப அபூர்வமா உயிருக்கே ஆபத்தாகலாம், அதப் பாத்துக்கத்தான் ஒரு டாக்டர் கூடவே இருப்பாரு"ன்னாங்க. அதே விஷயம்தான், எதையும் மறைக்கல. உடனே அப்பா, "இடது பக்கம்னு சரியா எழுதியிருக்கீங்களாம்மா?"ன்னு கேக்குறாரு!

சைக்காலஜில இதுக்குன்னே டெஸ்ட் வச்சிருக்காங்க. கலர் கலரா அச்சடிச்ச வார்த்தைகளக் காட்டி, வார்த்தைய விட்டுட்டு கலர மட்டும் சொல்லும்பாங்க, சாவு, நோய் மாதிரி வார்த்தை வந்தா கலர் சொல்ல நாக்கு தடுமாறும், ஏற்கனவே பயந்து கிடக்கறவங்களுக்கு இன்னும் லேட்டாகும். இன்னொண்ணு, திரையில வர்றது நெஜ வார்த்தையா இல்லையான்னு பட்டன் அழுத்தணும், தினம் புழங்கற வார்த்தைக்கு கை சட்டுனு போகும், அபூர்வமான வார்த்தைக்கு இழுக்கும். ஒரு வார்த்தைக்கு கண்ணிமைக்கற நேரம்கூட வித்தியாசம் இல்லதான், ஆனா ரெண்டு பக்க ஃபார்ம் பூரா அப்படியே இருந்தா? பிபின்னா எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும், 'உயர் குருதி அழுத்தம்'னா யாரு வீட்டு விசேஷம்னு கேப்பாங்க. அதுக்காக இங்கிலீஷ்தான் ஒசத்தின்னு சொல்ல வரல, ஹெர்னியாங்கறதவிட 'குடலிறக்கம்'தான் எங்கப்பாவுக்கு டக்குனு புரிஞ்சுது.

படிச்சவங்களும் இதுக்குத் தப்பல. 1982ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆராய்ச்சில நுரையீரல் கேன்சருக்கு ஆபரேஷனா ரேடியேஷனான்னு கேட்டாங்க. ஆபரேஷன்ல 100க்கு 90 பேர் பொழைப்பாங்கன்னு ஒரு குழுகிட்ட சொன்னாங்க, 10 பேர் செத்துருவாங்கன்னு இன்னொரு குழுகிட்ட சொன்னாங்க, ரெண்டாவது குழுவுல ஆபரேஷனத் தேர்ந்தெடுத்தவங்க கொறஞ்சுட்டாங்க. கணக்கு ஒண்ணுதானே, ஆனா பதில் சொன்ன டாக்டருங்ககிட்டயே இந்த வித்தியாசம் இருந்துச்சு.

நம்ம நன்னூல்லயே மங்கலம், இடக்கரடக்கல்னு இதுக்கு எடம் ஒதுக்கியிருக்கு, செத்தார்ங்கறத துஞ்சினார்னு சொல்றது மங்கலம், சொல்லக் கூசறத நாசூக்கா மாத்திச் சொல்றது இடக்கரடக்கல். எங்க பாட்டி முன்னாடி விளக்க அணைன்னு சொல்லிட முடியாது, மலையேத்துன்னுதான் சொல்லணும். ஃபார்ம்ல துஞ்சினார்னு போடுங்கன்னு கேக்கல, அப்படிப் போட்டா தூங்கிட்டார்னு நெனச்சுக்குவாங்க, அது இன்னும் மோசம்! ஆபத்த ஆபத்துன்னே சொல்லுங்க, ஆனா நர்ஸம்மா சொன்ன மாதிரி சொல்லுங்க. அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி வார்டு வராந்தாவுல காத்துக்கிட்டு இருக்கற நாலு பேர்கிட்ட சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, எந்த வரியில நிக்கறாங்கன்னு பாத்தா போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்